பவர் சப்ளை ஃபேன் கத்துதா? உப்புக்காத்து ஊர்ல மாத்துறது இப்படித்தான்!



ஹாஸ்டல் ரூம்ல இப்போ நிறைய பேர்கிட்ட இருக்கிறது, ஆபீஸ்ல இருந்து கழிச்சு விட்டு, ரீஃபர்பிஷ் பண்ணி விக்கிற குட்டி டெஸ்க்டாப் தான். விலை கம்மி, மேஜையில இடமும் கம்மி. ஆனா ஒரு நாள் திடீர்னு அதோட பின்பக்கத்துல இருந்து மாவு மில் ஓடுற மாதிரி ‘கரகர’ சத்தம் வர ஆரம்பிக்கும். முதல்ல நாம என்ன பண்ணுவோம்? மேல ஒரு தட்டு தட்டுவோம். சத்தம் நிக்கும். அடுத்த வாரம் ரெண்டு தட்டு. ஒரு நாள் தட்டாமலே சத்தம் நின்னுடும். அப்பாடா நிம்மதின்னு நினைப்போம். உண்மையில அன்னைக்குத்தான் ஃபேன் செத்துப் போயிருக்கும்!

இந்த விஷயத்துல ரெண்டு வகையா ஆபத்து இருக்கு. கண்டுக்காம விட்டா சூடு ஏறி பவர் சப்ளை போகும், நேரம் சரியில்லைன்னா மதர்போர்டையும் சேர்த்துக் கூட்டிக்கிட்டுப் போகும். அவசரப்பட்டுத் திறந்தா, உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல உட்கார்ந்திருக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சரியான வழியைத்தான் இந்தக் கட்டுரையில பார்க்கப் போறோம். மூணு விஷயம் கைவசம் வேணும்: கொஞ்சம் இயற்பியல், கொஞ்சம் வேதியியல், நிறைய பொறுமை.

சத்தம் எங்கிருந்து வருது?

முதல்ல இதை உறுதி பண்ணுங்க. குட்டி கம்ப்யூட்டர்ல சத்தம் போட ஆள் நிறைய: சிபியு ஃபேன், கேஸ் ஃபேன், பழைய ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை. ஒரு சார்ட் பேப்பரைக் குழல் மாதிரி சுருட்டி, ஒரு முனையைக் காதுல வச்சு, மறுமுனையை ஒவ்வொரு பக்கமா நகர்த்திக் கேளுங்க. எங்கிருந்து வருதுன்னு தெளிவாத் தெரியும். கம்பியையோ ஸ்க்ரூடிரைவரையோ கிரில் வழியா உள்ளே விட்டு ஃபேனை நிறுத்திப் பார்க்கிற வித்தை மட்டும் வேண்டவே வேண்டாம்.

சத்தத்தோட குணத்தை வச்சே நோயைச் சொல்லிடலாம்:

• ‘கரகர’ – பேரிங் தேய்ஞ்சிருக்கு. ஆன் பண்ணினதும் கத்தி, பத்து நிமிஷத்துல அடங்கினா, எண்ணெய் வத்திப் போற ஆரம்ப கட்டம்.
• ‘டிக் டிக் டிக்’ – ஏதோ ஒரு ஒயர் இறக்கையில உரசுது.
• ‘உஷ்ஷ்ஷ்’ – ஃபேன் நல்லாத்தான் இருக்கு. தூசி அடைச்சு உள்ளே சூடு ஏறினதால வேகமா ஓடுது. சுத்தம் பண்ணினாலே போதும்.
• மெல்லிய ‘கீய்ங்’ – இது ஃபேனே இல்ல. காயில் அதிர்ற சத்தம். ஃபேனை மாத்தினாலும் போகாது.

ஆக, ‘கரகர’வுக்கு மட்டும்தான் ஃபேன் மாத்தணும். மத்ததுக்கு வேற வைத்தியம்.

சின்ன ஃபேன் ஏன் பெருசா கத்துது?

சாதாரண ஏடிஎக்ஸ் பவர் சப்ளையில 120 மி.மீ. ஃபேன் இருக்கும். குட்டி கம்ப்யூட்டர்ல வர்ற ஃப்ளெக்ஸ் ஏடிஎக்ஸ் பெட்டியோ வெறும் 40.5 மி.மீ. உயரம் தான். அதுக்குள்ள 40 மி.மீ. ஃபேன் தான் நுழையும். டிஎஃப்எக்ஸ் வகையில பெரும்பாலும் 80 மி.மீ. ஃபேன். சின்ன இறக்கை அதே அளவு காத்தைத் தள்ளணும்னா ரொம்ப வேகமா சுத்தியாகணும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 7 இறக்கை உள்ள 40 மி.மீ. ஃபேன் நிமிஷத்துக்கு 6000 சுற்று சுத்தினா, நொடிக்கு 100 சுற்று. நொடிக்கு 700 தடவை இறக்கை காத்தை வெட்டும். அதாவது 700 ஹெர்ட்ஸ். அதே 7 இறக்கை உள்ள 120 மி.மீ. ஃபேன் 1000 சுற்றுல ஓடினா சுமார் 117 ஹெர்ட்ஸ் தான். நம்ம காதுக்கு 117-ஐ விட 700 ரொம்ப நல்லாக் கேட்கும். இன்னொரு விதி: ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினா சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். ஆனா காத்தும் பாதியாயிடும். சத்தமும் காத்தும் ஒரே தராசுல இருக்கிற ரெண்டு தட்டு. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

விலை குறைந்த ஃபேன்கள்ல ‘ஸ்லீவ் பேரிங்’ தான் இருக்கும். எண்ணெய்ல ஊறின ஒரு சின்னக் குழாய்க்குள்ள தண்டு சுத்தும். சூட்டுல எண்ணெய் மெல்ல மெல்ல ஆவியாகும், தூசி மிச்சத்தை உறிஞ்சும். எண்ணெய் போனதும் உலோகத்தோட உலோகம் உரசும். அதுதான் அந்தக் ‘கரகர’. பால் பேரிங் சூட்டை அதிகம் தாங்கும். ஆனா புதுசுலயே லேசான சத்தம் இருக்கும்.

நம்ம ஊர் உப்பு செய்யற வேலை

கோயம்புத்தூர்ல இருக்கிற கம்ப்யூட்டருக்கும் தூத்துக்குடியில இருக்கிறதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, ஊரைச் சுத்தி உப்பளம், துறைமுகத்துல நிலக்கரி இறங்குது, பக்கத்துலயே அனல் மின்நிலையம். நம்ம ஊர் தூசி வெறும் தூசி இல்ல, உப்பு கலந்த தூசி.

சுத்தமான சோடியம் குளோரைடு, காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாத்தான் தண்ணியை உறிஞ்சிக் கரைய ஆரம்பிக்கும். ஆனா கடல் உப்புல மெக்னீசியம் குளோரைடும் இருக்கு. அதுக்கு சுமார் 33 சதவீதமே போதும். நம்ம ஊர்ல ஈரப்பதம் 33-க்குக் கீழே இறங்குறது அபூர்வம். வீட்டுல கல் உப்பு ஜாடி மழைக்காலத்துல கசிஞ்சு நிக்கிறதைப் பார்த்திருப்பீங்கல்ல? அதே கதைதான் உங்க பவர் சப்ளைக்குள்ளயும் நடக்குது.

கம்ப்யூட்டர் ஓடும்போது உள்ளே சூடு இருக்கும், அதனால உப்புத் தூசி காய்ஞ்சே கிடக்கும். ராத்திரி ஆஃப் பண்ணினதும் சூடு இறங்கும், ஈரப்பதம் ஏறும், தூசி ஒரு மெல்லிய உப்புக் கரைசலாகும். உப்புக் கரைசல்னா மின்பகுளி. செம்பு, சாலிடர், கனெக்டர் முள் எல்லாம் அதுல அரிக்கும். ஃபேன் கனெக்டர் முள்ளுல அரிப்பு வந்தா தொடர்பு விட்டு விட்டு வரும். அப்போ ஃபேன் ஒரு நாள் சுத்தும், ஒரு நாள் சுத்தாது. நாம பேரிங்கைத் திட்டிக்கிட்டு இருப்போம்.

கடல் சூழல்ல உலோகம் எப்படி அரிக்குதுங்கிறது நம்ம ஊருக்குப் புதுசும் இல்ல. காரைக்குடியில இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு (சிஎஸ்ஐஆர் – செக்ரி) இதைப் போன்ற ஆராய்ச்சிக்காகவே தூத்துக்குடி புதுத் துறைமுகப் பகுதியில ஒரு மையம் இருக்கு. அங்கே கடல்ல நிக்கிற இரும்புக்கு ஆராய்ச்சி. நாம ரூம்ல நிக்கிற டப்பாவுக்குக் கொஞ்சம் கவனம் கொடுத்தாப் போதும்.

திறக்கறதுக்கு முன்னாடி: அந்த 325 வோல்ட்

இந்தப் பகுதியை ஸ்க்ரோல் பண்ணித் தாண்டாதீங்க.

நம்ம வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது சராசரி வர்க்க மூல மதிப்பு. உச்ச மதிப்பு அதை 1.414-ஆல பெருக்கினா வர்ற சுமார் 325 வோல்ட். ரெக்டிஃபையருக்கு அப்புறம் இருக்கிற பெரிய கெபாசிட்டர் அந்த உச்சத்துக்குத்தான் சார்ஜ் ஆகும். ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள பவர் சப்ளைன்னா 380 வோல்ட்டுக்கு மேலயே போகும்.

உதாரணத்துக்கு 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 325 வோல்ட். சேமிச்ச ஆற்றல் 11.6 ஜூல். கரண்ட் எந்த வழியா உடம்புக்குள்ள போகுதுங்கிறதைப் பொறுத்து உயிருக்கே ஆபத்து.

“பிளக்கைப் பிடுங்கி அஞ்சு நிமிஷம் வெயிட் பண்ணினாப் போதும்”னு பல வீடியோல சொல்றாங்க. போதுமான்னு பார்ப்போம். கெபாசிட்டருக்குக் குறுக்கே 1 மெகா ஓம் பிளீடர் ரெசிஸ்டர் இருக்குன்னு வச்சுக்கோங்க. கால மாறிலி 220 விநாடி. 300 விநாடி கழிச்சு மிச்சம் இருக்கிற வோல்ட்டேஜ் சுமார் 83! சுமார் 21 நிமிஷம் கழிச்சுத்தான் அது 1 வோல்ட்டுக்கும் கீழே போகும். அந்த பிளீடர் ரெசிஸ்டரே உப்புல அரிச்சு அறுந்திருந்தா? எந்தக் கணக்கும் செல்லாது. முதல் செமஸ்டர்ல போட்ட ஆர்சி சர்க்யூட் கணக்கு எதுக்குன்னு கேட்டீங்கல்ல, இதுக்குத்தான்.

அதனால விதிகள் இவை:

1. பவர் கார்டை முழுசாக் கழட்டுங்க. சுவிட்சை மட்டும் ஆஃப் பண்றது கணக்குல வராது. மானிட்டர், யுஎஸ்பி எல்லாத்தையும் கழட்டிடுங்க.
2. கம்ப்யூட்டரின் பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடிங்க. ஓரளவு சார்ஜ் இறங்கும், முழுசா இறங்காது.
3. குறைஞ்சது அரை மணி நேரம் காத்திருங்க. அதுக்கப்புறமும் உள்ளே மின்சாரம் இருக்குன்னே நினைச்சு வேலை பாருங்க. போர்டு மேல விரல் படக் கூடாது. ஹீட்சிங்க் அலுமினியத் தகடும் சில பவர் சப்ளைகள்ல மெயின்ஸ் பக்கத்தோட இணைஞ்சிருக்கும். அதையும் தொடாதீங்க.
4. மோதிரம், செயின், பிரேஸ்லெட் கழட்டி வைங்க. தனியா செய்யாதீங்க. பக்கத்துல ஒரு ஆள் இருக்கட்டும்.
5. ஸ்க்ரூடிரைவரால கெபாசிட்டரை ஷார்ட் பண்ற ‘கெத்து’ வேலை வேண்டாம். தீப்பொறி பறக்கும், முனை உருகும்.

ஃபேன் வழக்கமா பெட்டி மூடியிலயோ பக்கத் தகட்டுலயோதான் திருகப்பட்டிருக்கும். சின்ன கனெக்டர் இருந்தா போர்டைத் தொடாமலே மாத்திடலாம். ஆனா ஃபேன் ஒயர் போர்டுலயே சாலிடர் ஆகியிருந்து, போர்டைத் தூக்கித்தான் ஆகணும்னா, அது ஹாஸ்டல் கட்டில்ல உட்கார்ந்து செய்யற வேலை இல்ல. இஇஇ, இசிஇ லேப்ல, சாரோ லேப் அசிஸ்டன்ட் அண்ணனோ பக்கத்துல இருக்கும்போது செய்யணும். மல்டிமீட்டரை 1000 வோல்ட் டிசி ரேஞ்சுல வச்சு கெபாசிட்டரை அளந்து பார்த்து, சார்ஜ் இருந்தா 10 கிலோ ஓம், 10 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் கிளிப் ஒயரால இணைச்சு இறக்கணும். 220 மைக்ரோஃபாரட்டுக்கு கால மாறிலி 2.2 விநாடி. 15 விநாடியில வேலை முடிஞ்சுடும். மறுபடி அளந்து உறுதி பண்ணணும்.

வாரண்டி இருக்கிற பவர் சப்ளையைத் திறந்தா வாரண்டி போயிடும். அதை மாத்தித் தரச் சொல்லிக் கேட்கிறதுதான் புத்திசாலித்தனம்.

எந்த ஃபேன் வாங்கணும்?

ஒரு தடவை திறந்து, ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து, மூடி வச்சுட்டு அப்புறம் கடைக்குப் போங்க. பார்க்க வேண்டியவை:

• அளவு: 40 மி.மீ. ஃபேனுக்கு துளை இடைவெளி 32 மி.மீ.; 80-க்கு 71.5, 92-க்கு 82.5, 120-க்கு 105. தடிமன் ரொம்ப முக்கியம். 10, 15, 20, 25, 28 மி.மீ.ன்னு பல உண்டு. 5 மி.மீ. அதிகமானாலும் மூடி மூடாது.
• வோல்ட்டேஜ்: பெரும்பாலும் 12 வோல்ட் டிசி. ஆனா அதே அளவுல 5, 24 வோல்ட் ஃபேனும் கடையில இருக்கும்.
• கரண்ட்: பழைய ஃபேன்ல போட்டிருக்கிற ஆம்பியர் அளவுக்குச் சமமாவோ குறைவாவோ இருக்கணும். அதிகமானா ஃபேனை ஓட்டுற டிரான்சிஸ்டர் சூடாகும்.
• பேரிங்: பால் பேரிங் அல்லது ஃப்ளூயிட் டைனமிக் பேரிங். ஸ்லீவ் பேரிங் வாங்கினா சீக்கிரமே மறுபடி இதே கட்டுரையைப் படிக்க வேண்டி வரும்.
• ஸ்டார்ட்டிங் வோல்ட்டேஜ்: பல பவர் சப்ளைகள் சூட்டைப் பொறுத்து ஃபேனுக்குக் கொடுக்கிற வோல்ட்டேஜை ஏத்தி இறக்கும். ஆரம்பத்துல 5 வோல்ட் போலத்தான் கிடைக்கும். சில ஃபேன்கள் அதுல சுத்தவே ஆரம்பிக்காது.

இப்போ முக்கியமான கேள்வி: “சத்தமே இல்லாத சைலன்ட் ஃபேன் போடலாமா?” தராசை ஞாபகப்படுத்திக்கோங்க. தேவையான காத்தை நாமே கணக்குப் போடலாம்.

காத்தோட ஓட்டம் = வெளியேத்த வேண்டிய வெப்பம் ÷ (காத்தின் அடர்த்தி × தன்வெப்பம் × அனுமதிக்கிற வெப்பநிலை உயர்வு).

நம்ம ஊர் சூட்டுல அடர்த்தியையும் தன்வெப்பத்தையும் பெருக்கினா சுமார் 1150 வரும். பவர் சப்ளை 200 வாட் கொடுக்குது, திறன் 85 சதவீதம்னா, உள்ளே வீணாகிற வெப்பம் 35 வாட். 10 டிகிரி உயர்வை அனுமதிச்சா மணிக்கு சுமார் 11 கன மீட்டர், அதாவது 6.5 சிஎஃப்எம் காத்து வேணும்.

ஆனா இங்கதான் ஒரு கொக்கி. பல குட்டி கம்ப்யூட்டர்கள்ல சூடான காத்து வெளியே போற முக்கியமான வழியே பவர் சப்ளை ஃபேன் தான். அப்போ பிராசசரோட சூட்டையும் அதுவேதான் சுமக்கணும். மொத்தம் 100 வாட்னா மணிக்கு 31 கன மீட்டர், சுமார் 18 சிஎஃப்எம் தேவை. டப்பாவுக்கு உள்ளே தடைகள் இருக்கிறதால ஃபேன் பெட்டியில போட்டிருக்கிற அளவு முழுசாக் கிடைக்காது. அதனால பழைய ஃபேனோட சிஎஃப்எம் அளவுக்குப் பக்கத்துல இருக்கிறதையே எடுங்க. பாதி காத்து தர்ற சைலன்ட் ஃபேன் போட்டா காதுக்குச் சுகம், கெபாசிட்டருக்குச் சாவு. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்ல 10 டிகிரி சூடு கூடினா ஆயுள் பாதியாகும்ங்கிறது பொதுவான விதி.

மாத்துற வேலை

1. மூடியைக் கழட்டினதும் நாலு பக்கமும் போட்டோ எடுங்க. ஒயர் எப்படிப் போகுது, பிளாஸ்டிக் தகடு எங்கே இருக்கு, ஃபேன் எந்தத் திசையில காத்தைத் தள்ளுது – எல்லாம் பதிவாகணும். ஃபேன் ஓரத்துல அம்புக்குறி இருக்கும். இல்லன்னா, ஸ்டிக்கர் உள்ள பக்கமாத்தான் வழக்கமா காத்து வெளியே வரும்.

2. உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால தூசியைத் தட்டுங்க. பிரஷ்ஷோட இரும்புப் பட்டை எதுலயும் படக் கூடாது. பிளோயர் அடிச்சா இறக்கையைப் பிடிச்சுக்கோங்க. சும்மா சுத்த விட்டா பேரிங்குக்கும் கேடு, ஃபேன் ஜெனரேட்டர் மாதிரி கரண்ட்டும் தயாரிக்கும்.

3. கனெக்டரை ஒயரைப் பிடிச்சு இழுக்காம, பிளாஸ்டிக்கைப் பிடிச்சுக் கழட்டுங்க. முள் பச்சையா இருந்தா ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால துடைங்க.

4. புது ஃபேன் கனெக்டர் பொருந்தலையா? பழைய ஃபேன்ல இருந்து கனெக்டரை ஒரு சாண் ஒயரோட வெட்டி, புது ஃபேன் ஒயரோட சாலிடர் பண்ணுங்க. இதை பவர் சப்ளைக்கு வெளியே, மேஜை மேல வச்சுச் செய்யுங்க. வழக்கமா சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியா ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். இன்சுலேஷன் டேப் மட்டும் சுத்தினா சூட்டுல பசை இளகிப் பிரிஞ்சுடும்.

5. புது ஃபேன்ல மூணாவது ஒயர் இருந்தா அது வேகத்தைச் சொல்ற சிக்னல். பழையதுல இரண்டே ஒயர்னா மூணாவதை வெட்டி முனையை மூடிடுங்க. பழையதுலயும் மூணு இருந்தா கட்டாயம் இணைக்கணும். சில பவர் சப்ளைகள் அந்த சிக்னல் வரலைன்னா தானா ஆஃப் ஆயிடும்.

6. ஒயர் இறக்கையிலயும் ஹீட்சிங்க்லயும் படாம ஓரமா டை போட்டுக் கட்டுங்க. பிளாஸ்டிக் தகட்டை இருந்த இடத்துலயே திரும்ப வைங்க. “இது எதுக்கு”ன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. போர்டுக்கும் பெட்டிக்கும் நடுவுல அதுதான் வேலி.

புது ஃபேன் வர்ற வரைக்கும் தாக்குப் பிடிக்கணும்னா, ஃபேனைக் கழட்டி, ஸ்டிக்கரை உரிச்சு, ஸ்லீவ் பேரிங்ல தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மறுபடி ஒட்டலாம். தற்காலிக வைத்தியம் மட்டுமே. தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக நாளாகப் பிசுபிசுத்துப் போகும்.

உள்ளே இதைப் பார்த்தா மூடிடுங்க

ஃபேன் வாங்குறதுக்கு முன்னாடியே, முதல் தடவை திறந்தபோதே உள்ளே நல்லா நோட்டம் விடுங்க. கெபாசிட்டர் தலை உப்பியிருக்கா, அடியில பழுப்பு நிறக் கசிவு இருக்கா, போர்டு கருகியிருக்கா, சாலிடர் மேல வெள்ளையாவும் பச்சையாவும் பொரிஞ்சிருக்கா? இதுல ஒண்ணு இருந்தாலும் புது ஃபேன் போடுறது, கூரை ஒழுகுற வீட்டுக்கு வாசல்ல பெயின்ட் அடிக்கிற மாதிரி. பவர் சப்ளையையே மாத்துங்க. சில கம்பெனி குட்டி கம்ப்யூட்டர்கள்ல கனெக்டர் தனி வகையா இருக்கும். மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்க. பழசைக் குப்பைத்தொட்டியில போடாம, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பவர்கிட்ட கொடுங்க. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில இருக்கிற மின்கழிவு மேலாண்மை விதிகளும் அதைத்தான் சொல்லுது.

டெஸ்ட்

மூடியைத் திருகி முடிச்ச பிறகு மட்டுமே பவர் கொடுங்க. திறந்து வச்சுக்கிட்டு “சுத்துதான்னு பார்க்கிறேன்”னு ஆன் பண்ணாதீங்க. கிரில் வழியாவே தெரியும். கம்ப்யூட்டர் குளிர்ந்து இருக்கும்போது ஃபேன் தானா கிளம்பணும். அரை மணி நேரம் ஏதாவது கனமான வேலை கொடுத்து, பின்பக்கம் கை வச்சுப் பாருங்க. காத்து வெதுவெதுப்பா, தொடர்ச்சியா வரணும். கருகின வாடை வந்தாலோ, ஃபேன் கிளம்பாம நின்னாலோ உடனே ஸ்விட்ச் போர்டுல ஆஃப். மறுநாள் காலையில ஒரு தடவை குளிர்ந்த நிலையில ஆன் பண்ணிப் பாருங்க. பாஸ் ஆனா வேலை முடிஞ்சது.

மறுபடி கத்தாம இருக்க

• கடல் பக்கம் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீங்க. பகல்ல கடல்காத்து உப்பையும் சேர்த்துத்தான் கொண்டு வரும்.
• தரையில வைக்காம ஒரு அடியாவது மேலே வைங்க. பின்பக்கம் நாலு விரல் இடைவெளி விடுங்க.
• மூணு மாசத்துக்கு ஒரு தடவை, பவர் சப்ளையைத் திறக்காம வெளிப் பக்கமா பிரஷ் போடுங்க. ஈரத்துணியால கிரில்லைத் துடைக்காதீங்க. அங்கே இருக்கிற உப்பை நாமே கரைச்சு உள்ளே விடுற மாதிரி ஆகும்.
• செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போகும்போது, பிளக்கைக் கழட்டி, சுத்தம் பண்ணி, சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டுக் கவர்ல கட்டி வைங்க. சும்மா கிடக்கிற கம்ப்யூட்டரைத்தான் உப்பு நிதானமாச் சாப்பிடும்.

ஃபேன் கத்துறது தொல்லை இல்ல, தகவல். அடுத்த தடவை உங்க ரூம்ல ‘கரகர’ கேட்டா தட்டாதீங்க. காது கொடுத்துக் கேளுங்க, பிளக்கைப் பிடுங்குங்க, பொறுமையா ஆரம்பிங்க. பாதுகாப்பா செய்ய முடியாதுன்னு தோணினா, தெரிஞ்ச ஆள்கிட்ட கொடுக்கிறதுல எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்ல. சத்தம் குறையணும்தான், ஆனா காத்து வந்துக்கிட்டே இருக்கணும்!